பித்தப்பை ஆபரேஷனில் நடந்த தவறும் சூயஸ் நெருக்கடியும்: பிரிட்டிஷ் பிரதமர் ஆண்டனி ஈடனின் கதை

உங்கள் வீட்டிலோ, ஆபீஸிலோ, பக்கத்துத் தெருவிலோ பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒருவராவது இருப்பார். வயிற்றில் மூன்று, நான்கு சின்னத் துளைகள் போடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் வீடு. அடுத்த வாரம் லேப்டாப்பைத் திறந்து வேலை. இன்றைக்கு இது அவ்வளவு சாதாரணமான ஆபரேஷன்.

ஆனால் இதே ஆபரேஷனில் நடந்த ஒரு தவறு, ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சரை சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. பிரதமர் ஆகும் வாய்ப்பை அவருக்கு இரண்டு வருடம் தள்ளிப்போட்டது. பிரதமர் ஆன பிறகும், பதவிக்காலத்தின் மிக முக்கியமான மாதத்தில் அவரைக் காய்ச்சலில் படுக்க வைத்தது. அந்த மாதத்தில் அவர் எடுத்த முடிவு, பிரிட்டன் என்ற வல்லரசின் காலம் முடிந்துவிட்டது என்று உலகத்துக்கே காட்டிவிட்டது.

அவர் பெயர் ஆண்டனி ஈடன். சூயஸ் நெருக்கடி பற்றிப் படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். அவருடைய பித்தநாளத்தின் கதை அவ்வளவாகத் தெரிந்திருக்காது. இன்றைக்கு எண்டோஸ்கோபி மூலம் பித்தநாளப் பிரச்சினைகளை டாக்டர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அவர் வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

யார் இந்த ஈடன்?

1897 ஜூன் 12-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் வசதியான நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா முன்கோபத்துக்குப் பேர் போனவர். படிப்பு ஈட்டன் பள்ளியில். முதல் உலகப்போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். போரில் அவருடைய அண்ணன் ஒருவரும், 16 வயதே ஆன தம்பி ஒருவரும் இறந்துபோனார்கள். ஈடன் உயிர் பிழைத்தார். காயம்பட்ட சக வீரரைக் காப்பாற்றியதற்காக 1917-ல் அவருக்கு மிலிட்டரி கிராஸ் விருது கிடைத்தது.

போர் முடிந்ததும் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து பாரசீகமும் அரபியும் படித்தார். முதல் வகுப்பில் தேறினார். இந்த அரபி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 1923-ல் நாடாளுமன்ற உறுப்பினர். 1935 டிசம்பரில், வெறும் 38 வயதில், வெளியுறவு அமைச்சர். பார்க்க சினிமா ஹீரோ மாதிரி இருப்பார். அவர் போட்ட தொப்பிக்கு அவர் பெயரையே வைத்து லண்டனில் விற்கும் அளவுக்குப் பிரபலம்.

1938 பிப்ரவரியில், இத்தாலியின் முசோலினியோடு பிரதமர் சேம்பர்லின் காட்டிய இணக்கப்போக்கு பிடிக்காமல் ராஜினாமா செய்தார். சர்வாதிகாரிகளுக்கு விட்டுக்கொடுக்காதவர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப்போரின் பெரும்பகுதி சர்ச்சிலின் வெளியுறவு அமைச்சராக இருந்தார். போர் முடியும் தறுவாயில், 1945-ல், விமானப்படையில் இருந்த அவருடைய மூத்த மகன் சைமன் பர்மாவில் இறந்துபோனார். அதே வருடம் ஈடனுக்கு முன்சிறுகுடலில் புண் இருப்பதும் தெரியவந்தது. வயிறு அவருக்கு அப்போதிலிருந்தே எதிரி.

1951-ல் சர்ச்சில் மீண்டும் பிரதமர் ஆனார். ஈடன் மீண்டும் வெளியுறவு அமைச்சர். அடுத்த பிரதமர் ஈடன்தான் என்பது ஊருக்கே தெரியும். சர்ச்சிலுக்கு வயது 77-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1952-ல் சர்ச்சிலின் தம்பி மகள் கிளாரிஸாவை ஈடன் இரண்டாவதாக மணந்துகொண்டார். ஆக, அரசியல் வாரிசு, குடும்ப உறவும்கூட. அவர் செய்ய வேண்டியதெல்லாம் காத்திருப்பது மட்டும்தான்.

1953 ஏப்ரல் 12: அந்த ஆபரேஷன்

1953-ன் தொடக்கத்தில் வயிற்றுவலி அதிகமானது. பரிசோதித்ததில் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று முடிவானது.

இங்கேதான் முதல் சறுக்கல். பித்தநாள ஆபரேஷன்களில் அதிக அனுபவம் உள்ள சர்ஜன்களின் பெயர்கள் ஈடனிடம் சொல்லப்பட்டன. அவர் அவர்களை விட்டுவிட்டு, முன்பு தனக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்த ஜான் பேசில் ஹ்யூம் என்பவரையே தேர்ந்தெடுத்தார். தெரிந்த டாக்டர், ஏற்கெனவே நல்லபடியாகச் செய்துவிட்டவர் என்ற நம்பிக்கை. நாம் எல்லோரும் செய்வதுதான் இது.

இரண்டாவது, சர்ச்சில் கொடுத்த அழுத்தம். நோயாளி எவ்வளவு முக்கியமானவர், எதுவும் தவறாகிவிடக் கூடாது என்று சர்ச்சில் டாக்டரிடம் வலியுறுத்தியதாகவும், அதில் சர்ஜன் பதற்றமாகிவிட்டதாகவும் பின்னாளில் இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 12 அன்று லண்டனில் ஆபரேஷன் நடந்தது. பித்தப்பை எடுக்கப்பட்டது. ஆனால் கூடவே பித்தநாளமும் சேதமானது.

பித்தநாளம் என்றால் என்ன, அதில் காயம் பட்டால் என்ன ஆகும்?

நம் கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து 1 லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கொழுப்பைச் செரிக்க இது தேவை. கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்கு இது போய்ச் சேரும் மெயின் குழாய்தான் பொதுப் பித்தநாளம். பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிது. பித்தப்பை என்பது பக்கவாட்டில் தொங்கும் ஒரு சேமிப்புத் தொட்டி. அதை மெயின் குழாயோடு இணைப்பது இன்னும் மெல்லிய ஒரு கிளைக்குழாய்.

பித்தப்பையை எடுக்கும்போது வெட்ட வேண்டியது அந்தக் கிளைக்குழாயை மட்டும்தான். தொட்டி இல்லாமல் உடம்பு சமாளித்துக்கொள்ளும். மெயின் குழாய் இல்லாமல் முடியாது.

வீக்கம், ரத்தக்கசிவு, பழைய தழும்பு எல்லாம் சேர்ந்துகொண்டால், எது கிளை, எது மெயின் என்று கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கே சிக்கல். சிலருக்குப் பிறவியிலேயே குழாய்களின் அமைப்பு வழக்கத்துக்கு மாறாக இருக்கும். தவறி மெயின் குழாயில் காயம் பட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். அல்லது, காயம் ஆறும்போது குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும். சிலருக்கு இரண்டுமே.

அடைப்பு வந்தால் பித்தநீர் தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமிகள் பெருகும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல் வயிற்றில் வலி, மஞ்சள் காமாலை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தநாளத் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும் என்பதை 19-ம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் சார்கோ எழுதிவைத்துவிட்டார். கவனிக்காமல் விட்டால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து. அடைப்பு சரியாகாதவரை இது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

லண்டனிலிருந்து பாஸ்டனுக்கு

முதல் ஆபரேஷனுக்குப் பிறகு ஈடனின் நிலைமை மோசமானது. ஏப்ரல் 29-ல் வேறொரு சர்ஜன் இரண்டாவது ஆபரேஷன் செய்தார். உயிர் பிழைத்தார், ஆனால் பிரச்சினை தீரவில்லை.

அப்போது அமெரிக்க சர்ஜன் ரிச்சர்ட் கேட்டல் லண்டன் வந்திருந்தார். பாஸ்டனில் உள்ள லேஹி கிளினிக்கைச் சேர்ந்தவர். சேதமான பித்தநாளங்களைச் சரிசெய்வதில் அன்றைக்கு உலகிலேயே அதிக அனுபவம் உள்ளவர்களில் ஒருவர். ஈடனைப் பார்த்துவிட்டு மூன்றாவது ஆபரேஷன் அவசியம் என்றார். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் அமெரிக்காவில் போய் ஆபரேஷன் செய்துகொள்வதா என்று சர்ச்சிலுக்குக் கௌரவப் பிரச்சினை. லண்டனிலேயே செய்யச் சொன்னார். கேட்டல் ஒத்துக்கொள்ளவில்லை. தன் டீம், தன் ஆபரேஷன் தியேட்டர், தன் நர்சுகள் இருக்கும் இடத்தில்தான் செய்வேன் என்பதில் உறுதியாக இருந்தார்.

அவர் அப்படி உறுதியாக நின்றதுதான் ஈடனைக் காப்பாற்றியது. 1953 ஜூன் 10-ல் பாஸ்டனில் ஆபரேஷன் நடந்தது. கல்லீரலிலிருந்து வரும் நாளத்தை நேரடியாகச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தார் கேட்டல். சேதமான சாலையை விட்டுவிட்டுப் புதிதாக பைபாஸ் போடுவது மாதிரி.

கைநழுவிய நாற்காலி

ஈடன் அமெரிக்காவில் உடம்பு தேறிக்கொண்டிருந்தபோது லண்டனில் ஒரு விஷயம் நடந்தது. ஜூன் 23 அன்று, இத்தாலியப் பிரதமருக்குக் கொடுத்த விருந்தின் முடிவில் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தது. விஷயம் மக்களுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது.

ஈடன் மட்டும் நல்ல உடம்போடு லண்டனில் இருந்திருந்தால், அந்தக் கோடையிலேயே பிரதமர் ஆகியிருப்பார் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. வாரிசு படுக்கையில் இருந்ததால், சர்ச்சில் எழுந்து உட்காரும்வரை மற்ற அமைச்சர்கள் சமாளித்தார்கள். சர்ச்சில் தேறினார், பதவியையும் விடவில்லை. ஈடன் மறுபடியும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காத்திருப்பிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1954-ல் ஜெனீவாவில் இந்தோசீனப் போரை நிறுத்தும் மாநாட்டில் அவர் பங்கு பெரிது. கால்வாய்ப் பகுதியிலிருந்து பிரிட்டிஷ் படைகளை விலக்கிக்கொள்ளும் ஒப்பந்தமும் அதே வருடம் எகிப்தோடு கையெழுத்தானது. 1955 பிப்ரவரியில் கெய்ரோவில் எகிப்தின் தலைவர் நாசரைச் சந்தித்து, அரபியிலேயே பேசி அவரை ஆச்சரியப்படுத்தினார். ஒன்றரை வருடத்தில் இருவரும் பரம எதிரிகளாகப் போகிறார்கள் என்று அந்த விருந்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1955 ஏப்ரல் 6-ல் ஈடன் பிரதமர் ஆனார். அடுத்த மாதமே தேர்தலைச் சந்தித்துப் பெரும்பான்மையோடு ஜெயித்தார்.

106 டிகிரி காய்ச்சலும் ஒரு ரகசியத் திட்டமும்

1956 ஜூலை 26. சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்குவதாக நாசர் அறிவித்தார். பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் அதில் பெரும் பங்கு. மேற்கு ஐரோப்பாவுக்கு வரும் எண்ணெயில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வரும். ஈடனின் கண்ணுக்கு நாசர் இன்னொரு முசோலினியாகத் தெரிந்தார்.

ஆகஸ்டில் லண்டனில் 22 நாடுகளின் மாநாடு நடந்தது. கால்வாயைச் சர்வதேசக் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் திட்டத்தை 18 நாடுகள் ஆதரித்தன. எகிப்தின் உரிமையை மதிக்கும் மாற்றுத் திட்டத்தை இந்தியா சார்பில் கிருஷ்ண மேனன் முன்வைத்தார். சோவியத் யூனியனும் இந்தோனேசியாவும் இலங்கையும் இந்தியாவின் பக்கம் நின்றன. பேச்சுவார்த்தைக்கு வழி இன்னும் அடைபடவில்லை.

அக்டோபர் 5. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் இருந்த மனைவியைப் பார்க்கப் போனார் ஈடன். போன இடத்தில் திடீரென நடுக்கம், கடும் காய்ச்சல். 106 டிகிரி ஃபாரன்ஹீட். அதே ஆஸ்பத்திரியில் அவரையும் சேர்த்தார்கள். பித்தநாளத் தொற்று திரும்பி வந்துவிட்டது. வார இறுதி முழுக்கப் படுக்கை. அக்டோபர் 8-ல் வெளியே வந்தார்.

வந்த ஆறாவது நாள், அக்டோபர் 14 அன்று, செக்கர்ஸ் மாளிகையில் இரண்டு பிரெஞ்சுத் தூதர்கள் அவரை ரகசியமாகச் சந்தித்தார்கள். திட்டம் இதுதான். இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும். பிரிட்டனும் பிரான்ஸும் சண்டையை விலக்கிவிடுவதுபோல உள்ளே நுழைந்து கால்வாயைப் பிடித்துக்கொள்ளும். ஈடன் சம்மதித்தார். பாரிஸ் அருகே செவ்ர் என்ற இடத்தில் அக்டோபர் 24-ல் மூன்று தரப்பும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எழுத்தில் ஏன் போட்டீர்கள் என்று கோபப்பட்ட ஈடன், பிரதிகளை அழித்துவிடச் சொல்லி ஆளனுப்பினார். பிரிட்டனின் பிரதி அழிந்தது. இஸ்ரேலின் பிரதி பிழைத்துக்கொண்டது.

அக்டோபர் 29-ல் இஸ்ரேல் தாக்கியது. நவம்பர் 5, 6 தேதிகளில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் இறங்கின. அமெரிக்கா கொதித்தது. பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டது. அமெரிக்கா ஒத்துழைக்காமல் சர்வதேச நிதியத்தில் கடன் வாங்க வழியில்லை. நவம்பர் 6 நள்ளிரவோடு போர்நிறுத்தம். இறங்கிய வேகத்தில் திரும்ப வேண்டிய அவமானம்.

உடம்பு முற்றிலும் தளர்ந்துபோன ஈடன், டாக்டர்கள் சொன்னபடி நவம்பர் 23-ல் ஓய்வுக்காக ஜமைக்கா போனார். தங்கியது ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயான் ஃபிளெமிங்கின் வீட்டில். நாடு பெட்ரோல் தட்டுப்பாட்டில் இருக்கும்போது பிரதமர் கடற்கரையில் என்றால் எப்படி இருக்கும்? திரும்பி வந்து, இஸ்ரேல் தாக்கப்போவது தனக்கு முன்கூட்டியே தெரியாது என்று டிசம்பர் 20-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார். அது உண்மை இல்லை. 1957 ஜனவரி 9-ல் உடல்நிலையைக் காரணம் காட்டி ராஜினாமா செய்தார். பிரதமராக இருந்தது மொத்தம் 21 மாதம்.

எல்லாவற்றுக்கும் காரணம் பித்தநாளமா?

இந்தக் கேள்வி இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது. பிரிட்டனின் முன்னாள் வெளியுறவு அமைச்சரும் மருத்துவருமான டேவிட் ஓவன், ஈடனின் நோயும் அவர் எடுத்துக்கொண்ட மருந்துகளும் அவருடைய முடிவுகளைப் பாதித்தன என்று விரிவாக எழுதியிருக்கிறார். அப்போது ஈடன் எடுத்துக்கொண்ட மாத்திரைகளில் ஒன்று ட்ரைனமில். சுறுசுறுப்பு தரும் ஆம்ஃபெட்டமினும் மயக்கம் தரும் பார்பிட்டுரேட்டும் ஒரே மாத்திரையில். ஆம்ஃபெட்டமின் தூக்கத்தைக் கெடுக்கும், படபடப்பைக் கூட்டும், அளவுக்கு மீறிய தன்னம்பிக்கையைத் தரும். அந்தக் காலத்தில் இதைச் சாதாரணமாக எழுதிக்கொடுத்தார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாசர் மேல் அவருக்கு இருந்த கோபம் அக்டோபர் காய்ச்சலுக்கு முன்பே உச்சத்தில்தான் இருந்தது. நல்ல உடம்போடு இருந்த பல அமைச்சர்களும் போரை ஆதரித்தார்கள். அடுத்துப் பிரதமரான ஹெரால்டு மேக்மில்லன் அவர்களில் முக்கியமானவர். அல்ஜீரியப் போராளிகளுக்கு நாசர் உதவுகிறார் என்று பிரான்ஸுக்குத் தனிக் கணக்கு இருந்தது. ஆகவே, ஒரு சர்ஜனின் கத்தி ஒரு சாம்ராஜ்யத்தை முடித்துவைத்தது என்று சொல்வது ரொம்பவே மிகை.

அதேசமயம், 106 டிகிரி காய்ச்சலிலிருந்து எழுந்த ஆறாம் நாள் ஒரு மனிதர் போர் பற்றி முடிவெடுத்தார் என்பதும் உண்மை. நமக்குக் காய்ச்சல் வந்து போன வாரத்தில் ஒரு முக்கியமான ஈமெயிலுக்குப் பதில் போடவே யோசிப்போம்.

ஈடனின் கையில் இல்லாத ஒரு கருவி

பதவி போனபிறகும் நோய் விடவில்லை. 1957-லேயே காய்ச்சல் திரும்ப, பாஸ்டனில் கேட்டல் மீண்டும் ஆபரேஷன் செய்தார். 1970-ல் இன்னொன்று, அதே லேஹி கிளினிக்கின் ஜான் பிராஷ் செய்தது. ஈடனின் பித்தநாளக் கதையை 2003-ல் மருத்துவ இதழில் எழுதியவரும் இந்த பிராஷ்தான். ஆக, மொத்தம் ஐந்து முறை அவருடைய வயிறு திறக்கப்பட்டது. ஏன்? உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும், சரிசெய்யவும் அன்றைக்கு வேறு வழி கிடையாது.

அந்த வழி அவர் வாழ்ந்த காலத்திலேயே பிறந்துகொண்டிருந்தது. வளையும் தன்மை கொண்ட ஃபைபர் எண்டோஸ்கோப் 1950-களின் கடைசியில் வந்தது. 1968-ல் அமெரிக்க சர்ஜன் வில்லியம் மெக்கூன், வாய்வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் வாசலுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்திச் சாயம் பாய்ச்சி எக்ஸ்ரே எடுத்ததை வெளியிட்டார். ஜப்பானிய டாக்டர்கள் அதை மேம்படுத்தினார்கள். இதுதான் இன்று ஸ்கேன் சென்டர் வாசலில் எல்லாம் காதில் விழும் இ.ஆர்.சி.பி.

1974-ல் அடுத்த பாய்ச்சல். ஜெர்மனியில் கிளாசென், டெம்லிங் குழுவும், ஜப்பானில் கவாய் குழுவும், அந்த வாசலில் உள்ள தசையை எண்டோஸ்கோப் வழியாகவே வெட்டிக் கல்லை வெளியே எடுக்கலாம் என்று காட்டினார்கள். 1970-களின் முடிவில், ஹாம்பர்கில் பணியாற்றிய நிப் சோஹெண்ட்ரா அடைப்புக்குள் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்குள் ஈடன் இல்லை. 1977 ஜனவரி 14-ல், 79 வயதில், புராஸ்டேட் புற்றுநோயால் இறந்துபோனார்.

இன்று ஈடன் நோயாளியாக வந்தால்?

முதலில் அல்ட்ராசவுண்ட், ரத்தப் பரிசோதனை. பிறகு எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேன். உடம்பில் எதையும் நுழைக்காமல் பித்தநாளங்களின் முழு வரைபடமும் கிடைத்துவிடும். அடுத்து என்ன என்பது காயத்தைப் பொறுத்தது.

சின்னக் கசிவு என்றால், இ.ஆர்.சி.பி. மூலம் ஒரு ஸ்டென்ட் வைப்பார்கள். பித்தநீர் எளிதான வழியில் குடலுக்குப் போய்விடும். கசிவு பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். ஆபரேஷன் தேவைப்படாது.

குழாய் சுருங்கியிருந்தால், பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பார்கள். சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், ஏறக்குறைய ஒரு வருடத்தில் குழாயை விரிந்த நிலைக்குக் கொண்டுவருவார்கள். சிலருக்கு உறையிட்ட உலோக ஸ்டென்ட் பொருந்தும். பெரிய கல் சிக்கிக்கொண்டிருந்தால், நாளத்துக்குள்ளேயே குட்டி கேமராவை அனுப்பி, லேசர் போன்றவற்றால் கல்லை உடைத்து எடுக்கலாம்.

மெயின் குழாய் முழுதாகவே துண்டாகியிருந்தால்? அங்கே எண்டோஸ்கோபிக்கு எல்லை வந்துவிடும். கேட்டல் செய்தது போன்ற பைபாஸ் ஆபரேஷன்தான் இன்றும் தீர்வு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பைபாஸ் போட்ட பிறகு குடலின் வழியே மாறிவிடுவதால், வழக்கமான எண்டோஸ்கோப் அந்த இணைப்பை எட்டுவது கஷ்டம். அங்கே மறுபடி அடைத்தால், நீளமான பலூன் எண்டோஸ்கோப் வேண்டும். இல்லையென்றால் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்திக் கல்லீரல் வழியாக நாளத்துக்குள் போக வேண்டும். ஈடனுக்கு வந்தது இந்த வகைச் சிக்கல்தான். ஆனால் இன்றாக இருந்தால், அக்டோபர் காய்ச்சலுக்குச் சரியான ஆன்டிபயாடிக்கும், தேங்கிய பித்தநீரை வெளியேற்ற ஒரு மெல்லிய குழாயும் கிடைத்திருக்கும். உற்சாக மாத்திரை கிடைத்திருக்காது.

இ.ஆர்.சி.பி.யும் ஆபத்தே இல்லாதது அல்ல. 100 பேருக்குச் செய்தால் ஏறத்தாழ 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வரலாம். ரத்தக்கசிவு, குடலில் துளை விழுவது போன்றவையும் அரிதாக நடக்கும். அதனால்தான் சும்மா பார்ப்பதற்காக இதை இப்போது செய்வதில்லை. அதற்கு ஸ்கேன் போதும். சிகிச்சை தேவை என்று தெரிந்தால் மட்டுமே இ.ஆர்.சி.பி.

நமக்கு இதில் என்ன?

லேப்ராஸ்கோபி வந்த பிறகும் பித்தநாளக் காயம் மறைந்துவிடவில்லை. ஆயிரம் பித்தப்பை ஆபரேஷனில் சுமார் 3 முதல் 5 வரை இது நடக்கிறது என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை. இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து, தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். கல்லை அப்படியே விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. ஈடனின் கதையிலிருந்து சில விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, தெரிந்த டாக்டர் என்பது வேறு, இந்த ஆபரேஷனில் அனுபவம் உள்ள டாக்டர் என்பது வேறு. இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இரண்டு, வீட்டுக்கு வந்தபிறகு வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினாலோ, காய்ச்சல், குளிர் நடுக்கம், வயிறு உப்பல், கண்ணில் மஞ்சள் தெரிந்தாலோ, கேஸ் பிரச்சினை என்று மாத்திரை போட்டுச் சமாளிக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்று, காயம் பட்டது தெரிந்துவிட்டால், பித்தநாள சர்ஜனும் எண்டோஸ்கோபி நிபுணரும் ஒரே இடத்தில் இருக்கும் பெரிய மையத்துக்கு முடிந்தவரை சீக்கிரம் மாறிவிடுவது நல்லது. கேட்டல் பாஸ்டனில்தான் செய்வேன் என்று அடம்பிடித்ததற்குப் பின்னால் இருந்த நியாயம் இதுதான். சரிசெய்யும் முதல் முயற்சி சரியாக அமைந்தால்தான் மற்றதெல்லாம்.

நான்கு, பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்திருந்தால், அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டிய தேதியை போனில் ரிமைண்டர் போட்டு வையுங்கள். வலி போய்விட்டது என்று அதை மறந்துவிடுபவர்கள் நிறைய. மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, ஈடனுக்கு வந்த அதே காய்ச்சலைக் கொண்டுவரும்.

பதவி விலகிய பிறகு ஈடன் 20 வருடம் வாழ்ந்தார். நினைவுக் குறிப்புகள் எழுதினார். 1961-ல் ஏவன் பிரபு ஆனார். கடைசியாக 1976-ல் வெளிவந்த புத்தகத்தில், சூயஸைத் தொடவே இல்லை. தன் சிறுவயதையும், போரில் இழந்த சகோதரர்களையும் பற்றி மட்டும் எழுதினார். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அமெரிக்காவில் உடல்நிலை மோசமானபோது, எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் பிரதமர் கல்லகன்தான் விமானப்படை விமானத்தை அனுப்பி அவரை ஊருக்கு அழைத்துவந்தார்.

30 வருடம் வெளியுறவு விவகாரங்களில் பெயர் வாங்கிய மனிதரை, உலகம் ஒரே ஒரு இலையுதிர் காலத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த முடிவுகளுக்கான பொறுப்பு அவருடையதுதான். ஆனால் அந்த மாதங்களில் அவர் எந்த உடம்போடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.